சமாதானத்துக்கு நீட்டிய கை

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசையில் பக்கத்தில் நிற்பவருக்குச் சமாதானம் சொல்லக் கொடுத்த கை, பெரிய மருமகளுக்கும் சின்ன மருமகளுக்கும் நடுவில் அப்படியே நின்றுவிட்டது, பிறகு பிரியவில்லை. பசையோ பிசினோ எதுவும் இல்லை. இரண்டு உள்ளங்கைக்கும் இடையில் ஒரு காகிதத்தைச் செருகினால் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. கைகள்தான் விலகவில்லை. பங்குச் சாமியார் சற்று நேரம் பார்த்தார். வரிசை காத்துக்கொண்டிருந்ததால் நன்மை அப்பம் கொடுக்கத் தொடங்கினார். இருவரும் நண்டுபோல் பக்கவாட்டில் நகர்ந்து வந்து நாக்கில் வாங்கிக்கொண்டு அதே மாதிரி திரும்பிப் போனார்கள்.

இருவரும் ஓரகத்திகள், அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். மாமியாரை அடக்கம் செய்த நாளிலிருந்து ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்ததில்லை. கோயிலில் பெரியவளுக்கு இடப்பக்கம் முதல் பெஞ்சு, சின்னவளுக்கு வலப்பக்கம் கடைசி பெஞ்சு. அண்ணனும் தம்பியும் மட்டும் முக்குக் கடையில் திருட்டுத்தனமாகச் சந்தித்து டீ குடித்து வந்தார்கள். அந்த ஞாயிறு இடப்பக்கக் கூரை ஒழுகியதால் எல்லோரும் வலப்பக்கம் நெருக்கி உட்கார வேண்டியதாயிற்று, இவர்களுக்கு ஒரே பெஞ்சு வாய்த்தது. பெரியவள் முதல் வாசகம் வாசிக்கிறவள், மரியாயின் சேனை என்ற பக்திச் சபைக்குத் தலைவி. ஊரே பார்க்கும்போது கையைக் கொடுக்காமல் இருக்க முடியுமா? உதட்டில் மட்டும் சிரிப்போடு கொடுத்தாள்.

பகை இதுதான். மாமியார் கடைசிக் காலத்தில் சின்னவள் வீட்டில் படுத்திருந்தார். சாமியார் வந்து சாகும் முன் பூச வேண்டிய எண்ணெயைப் பூசும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அடக்கத்தன்று சவப்பெட்டியின் பக்கத்தில் நின்று பெரியவள், "கூடவே இருந்துட்டு சாமியாரக் கூப்பிடத் துப்பில்ல. எண்ணெய் இல்லாம அத்தைய அனுப்பி வெச்சுட்டா" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். சின்னவள் வாயைத் திறக்கவில்லை. திறக்காததையே ஊர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டது. ஆனால் பெரியவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு. அன்று சாயங்காலம் சின்னவளிடமிருந்து போன் வந்தது. ஏதோ அற்பக் கோபத்தில், சின்னவள் பெயரைப் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. இதை அவள் புருஷனிடமும் சொல்லவில்லை, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் சொல்லவில்லை. பழியை முந்திக்கொண்டு தூக்கிப் போட்டுவிட்டால் தன் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கு அதுவரை தப்பவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் சோப்பு, எண்ணெய், பனிக்கட்டி எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். தோல் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். சாமியார், "ரெண்டு பேரும் மன்னிச்சாச்சா?" என்று கேட்டார். "நான் எப்பவோ மன்னிச்சுட்டேன் சாமி" என்றாள் பெரியவள். கை அசையவில்லை. வேறு வழி இல்லாமல் சின்னவள் பெரியவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இரண்டு கட்டிலை ஒட்டிப் போட்டார்கள். பெரியவள் பள்ளிச் சீருடை தைக்கிறவள் என்பதால், கைப்பகுதியைத் திறந்து நாடாவால் கட்டிக்கொள்கிற மாதிரி ரவிக்கைகளை மாற்றினாள். அதுவும் இடது கையால் வெட்டி, சின்னவளின் இடது கை துணியைப் பிடிக்க. காலையில் வெட்டு மேசையின் இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. மதியத்துக்கு மேல் சின்னவளுக்கு ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை. போர்வைக்கு நான்கு முனை, இவர்களிடம் இருப்பது இரண்டு கை. மீதி இரண்டு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு மடிக்கப் பழகினார்கள். பல்லில் துணி இருக்கும்போது சண்டை போட முடியாது என்பதால் அந்தக் கூடம் அமைதியாக இருந்தது.

சிலுவை போடுவதுதான் பெரிய பாடாக இருந்தது. முதலில் இடது கையால் போட்டுப் பார்த்தார்கள், மனசுக்கு ஒப்பவில்லை. பிறகு ஒரு வழி கண்டார்கள். பிணைந்த இரண்டு கையையும் முதலில் பெரியவளின் நெற்றிக்கும் நெஞ்சுக்கும் தோள்களுக்கும் கொண்டுபோனார்கள், அடுத்து சின்னவளுக்கு. சாப்பாட்டுக்கு முன், தூங்கும் முன், மெஷினை மிதிக்கும் முன் என்று ஒரு நாளில் எத்தனை சிலுவை! ஒருத்தியின் விரல் இன்னொருத்தியின் நெற்றியைத் தொடாமல் ஒரு ஜெபமும் தொடங்கவில்லை. வியாழன் தோறும் நோயாளிகளைப் பார்க்கப் போகும் சேனைக் கடமையையும் பெரியவள் விடவில்லை. ஒருத்தி முன்னால் நடக்க, ஒருத்தி பின்னோக்கி நடக்க, தெருவே வழி விட்டது. இந்த இருவரையும் எவ்வளவு பாராட்டினாலும் தகும். கோபத்தோடு சாப்பிட்டார்கள், கோபத்தோடு ஜெபமாலை சொன்னார்கள், ஒரு நாளும் சொல்லாமல் விடவில்லை. பெரியவள் மட்டும் தினம் ஒரு தடவை, "உன்ன மன்னிச்சுட்டேன், கேட்டுச்சா?" என்று கைக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லிப் பார்ப்பாள். கை தன் பாட்டுக்கு இருந்தது.

மழை போய் வெயில் வந்தது. வருடத்துக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டிய பாவசங்கீர்த்தனத்துக்கு நாள் வந்தது. பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை. தொட்டியில் முழங்காலிட்டால் சின்னவளும் பக்கத்தில் முழங்காலிட்டாக வேண்டும். போகாமல் இருந்தாலோ, தலைவி ஏன் போகவில்லை என்று ஊர் கேட்கும். கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் அதற்கும் வழி சொன்னார். சின்னவள் இடது காதை இடது கையால் பொத்திக்கொள்ளட்டும், வலது காதுக்குப் பஞ்சு. அப்படியே பஞ்சை அடைத்து அனுப்பினார். பெரியவள் திரையருகே முழங்காலிட்டாள். பொய்யைக் கட்டிக் காத்துக் களைத்துப்போயிருந்தாள். பக்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு காதைப் பொத்தியிருந்த சின்னவளைப் பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டி அந்தப் பஞ்சைப் பிடுங்கிப் போட்டாள்.

"நீயும் கேளு" என்றாள். "சாமி, அன்னைக்கு இவ எனக்குப் போன் பண்ணா. அடிக்கிறதப் பாத்துட்டேதான் எடுக்கல. நான் எடுத்திருந்தா அத்தையையும் பாத்திருப்பேன், சாமியாரையும் கூட்டிட்டுப் போயிருப்பேன். பழிய இவ தலையில போட்டுட்டேன். என்ன மன்னிச்சுரும்மா."

சாமியாரை முந்திக்கொண்டு சின்னவள்தான் பேசினாள். "அத்தைக்குக் கண்ணு தெரியல அக்கா. பெரியவ எங்க, பெரியவ எங்கன்னு உங்களையே கேட்டுட்டு இருந்தாங்க. எனக்குத் தாங்கல. என் கையக் குடுத்து, பெரியவ வந்துட்டா அத்தைன்னு சொல்லிட்டேன். கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. சிரிச்சாங்க. கைய உருவினா நீங்க போயிட்டதா நினைச்சுருவாங்களேன்னு எந்திரிக்கவே இல்ல. உங்களுக்கு ரெண்டு தடவ அடிச்சுட்டு வெச்ச போன் அடுத்த ரூம்ல கெடந்துச்சு. அதான் சாமியாரக் கூப்பிடல. பொய் சொன்னேன்னு வருஷா வருஷம் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டுதான் இருக்கேன்."

"எந்தக் கை?" என்று பெரியவள் கேட்டாள்.

"இதேதான்."

பெரியவள் அந்தக் கையை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அவள் இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள் என்பதைச் சாமியார்தான் முதலில் கவனித்தார். எப்போது விட்டது என்று இருவருக்குமே தெரியாது.

சாமியார் இதை வெளியே சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அடுத்த ஞாயிறு பெரியவளே வாசக மேடையில் ஏறி, அடக்கத்தன்று சொன்ன அதே சத்தத்தில், போனிலிருந்து தொடங்கி ஒன்று விடாமல் சொன்னாள். சேனைத் தலைவி பதவியையும் விட்டுவிடுவதாகச் சொன்னாள். சேனையில் இருந்தவர்கள் அவளை விட விடவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பங்குக் கோயிலில் சமாதானம் சொல்லும் நேரம் கொஞ்சம் நீண்டுபோயிற்று. சிலர் சனிக்கிழமையே போய்ப் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். சிலர் துணிந்து நீட்டி மாட்டிக்கொள்கிறார்கள். போன மாதம் ஒரு மாமனாரும் மருமகனும், அதற்கு முன்பு பாடல் குழுவில் இரண்டு பேர். யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. உபதேசியார் அவர்களை ஓரத்துப் பெஞ்சில் உட்கார வைக்கிறார், பூசை நடக்கிறது. பூசை முடிந்ததும் பெரியவள் நாடா வைத்த சட்டைக்கு அளவெடுக்க வருவாள். அளவெடுத்துக்கொண்டே, "மன்னிச்சுட்டேன் மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டு இருக்காதீங்க, நாள்தான் போகும்" என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவாள்.