மூன்றாம் வகுப்பு ரிப்போர்ட்

டாக்டரின் அறையில் உட்கார்ந்த பிறகுதான் தையல்காரிக்குத் தெரிந்தது, அளவு டேப் இன்னும் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது என்று. கணவன் பஸ்ஸிலேயே பார்த்திருப்பான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது உதட்டைச் சுழிக்கிறான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலையிலிருந்தே அப்படித்தான். எட்டு வயது மகளை, வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர், ஒரு வாரமாக வகுப்பில் சுவரைப் பார்த்து உட்கார வைத்திருக்கிறார்கள். டாக்டரிடம் கடிதம் வாங்கி வராவிட்டால் அடுத்த வருஷம் இடமில்லை என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். இரண்டு தட்டு தட்டினால் தெளிந்துவிடும், இதற்குப் போய் டாக்டரா என்று கணவன் வழியெல்லாம் முனகிக்கொண்டு வந்தான். அவளும் தட்டியவள்தான். ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்ததற்காக நேற்றுக்கூட.

டாக்டர் அம்மா வாலுவோடு அரைமணி நேரம் பேசிவிட்டு வெளியே விளையாட அனுப்பினார். போகிற போக்கில் வாலு அம்மாவின் கழுத்திலிருந்து டேப்பை உருவிக்கொண்டு ஓடினாள். பிறகு டாக்டர் பள்ளி ரிப்போர்ட்டைக் கேட்டார். தையல்காரி பையைக் கவிழ்த்து, பில், பட்டன், பாதி எழுதிய அளவுச் சீட்டு எல்லாவற்றுக்கும் நடுவிலிருந்து பழுப்பு உறையைத் தேடியெடுத்தாள்.

டாக்டர் வாசித்தார். நல்ல அறிவு. இடத்தில் உட்காருவதில்லை. தொடங்கிய எதையும் முடிப்பதில்லை. பொருட்களைத் தொலைக்கிறாள். முட்டி போட வைத்தும் திருந்தவில்லை.

"அப்படியே எங்க வாலுதான் டாக்டர்," என்றான் கணவன்.

தையல்காரியும் தலையாட்டினாள். முட்டி போட வைத்தார்களா? குழந்தை சொல்லவே இல்லையே.

டாக்டர் தாளைத் திருப்பித் தேதியைப் பார்த்தார். மூன்றாம் வகுப்புதான். இருபத்தாறு வருஷத்துக்கு முந்தையது.

கணவன் சிரித்துவிட்டான். "தன்னோடதைத் தூக்கிட்டு வந்திருக்கா. பத்து வருஷமா நான் இதோடதான் குப்பை கொட்டறேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "வியாழக்கிழமை பொண்ணோட ரிப்போர்ட்டைக் கொண்டுவாங்க, கடிதம் தரேன். இதையும் கொண்டுவாங்கம்மா. இந்தக் கவனக் குறைபாடு பெரியவங்களுக்கும் இருக்கும். உங்களையும் பார்க்கணும்."

தையல்காரி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். அடியில் அப்பாவின் கையெழுத்து. அதைப் போட்ட கையோடு அவர் பெல்ட்டைக் கழற்றியது முழங்காலுக்கு இன்னும் நினைவிருந்தது. சோம்பேறி, மண்டு, பொறுப்பில்லாதவள். பிறந்த வீட்டில் பாதி, புகுந்த வீட்டில் பாதியாக வாங்கிக் கட்டிக்கொண்ட பட்டங்கள். ஒருத்தராவது ஏன் என்று கேட்டார்களா?

கணவன் பக்கம் திரும்பினாள்.

"இருபத்தாறு வருஷமா தட்டியாச்சு. தெளிஞ்சுட்டேனா? சொல்லுங்க."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

வெளியே வாலு இரண்டு நாற்காலிகளின் கால்களிலும் டேப்பைச் சுற்றி வலை பின்னியிருந்தாள். காத்திருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "நல்லாப் பாரு உன் பொண்ணை," என்றான் கணவன் பின்னாலிருந்து. தையல்காரியின் கை தானாக உயர்ந்தது. குழந்தையின் ஒரு தோள் காதுவரை ஏறி ஒடுங்கியது. அந்தத் தோளை அவளுக்குத் தெரியும்.

உயர்ந்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் குனிந்து, டேப்பின் மறுமுனையைப் பிடித்தாள். வாலு தன் முனையை விடவில்லை. இருவருக்கும் நடுவில், நாற்காலிக் கால்களை நெரித்தபடி, டேப் விறைத்து நின்றது.