பெட்டி புறப்பட்ட வியாழக்கிழமை

சித்ரலேகா பீரோவை மூன்றாம் முறையாகத் துழாவினாள். பாஸ்போர்ட்டும் விமான டிக்கெட்டும் வைத்திருந்த சின்னத் தோல்பெட்டியைக் காணவில்லை.

அன்று சாயங்காலம் நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடித்தால்தான் மறுநாள் மெட்ராஸ், பிறகு பம்பாய், அங்கிருந்து தென்னாப்பிரிக்கா. அங்கே ஒரு வனவிலங்குக் காப்பகத்தில் ஆறு மாதம் தொண்டர் வேலை. கூடவே அவளுடைய சாணி வண்டு ஆராய்ச்சி. குறித்த தேதிக்கு வராவிட்டால் இடம் பூனாவில் காத்திருக்கும் இன்னொரு மாணவிக்குப் போய்விடும் என்று காப்பகத்தார் பூசி மெழுகாமல் சொல்லியிருந்தார்கள். விலங்கியல் பேராசிரியை மும்தாஜ் பேகம் விடாமல் எழுதிப் போட்டு வாங்கிக்கொடுத்த இடம் அது.

"யம்மா, என் சின்னப் பெட்டி எங்க?"

அடுக்களையில் சொர்ணாம்பாள் புளியோதரைக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். "அது நேத்தே புறப்பட்டுட்டுல்லா" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"எங்க புறப்பட்டுட்டு?"

"ஆப்பிரிக்காவுக்குத்தான்."

சித்ரலேகா அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். ஒரு மாதமாக இந்த வீட்டில் இதே பாடு. பாளையங்கோட்டைக் கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவளுடைய அப்பா தாணுமாலையன். எதையும் விசாரணை நடத்தாமல் விடமாட்டார். "சாணியைக் கிண்டுததுக்கு அம்புட்டு தூரமா? களக்காட்டுல யானை சாணி போடலியா?" என்று தொடங்கினார். களக்காட்டில் ஒரு வருஷம் கிண்டியதால்தான் இந்த இடமே கிடைத்தது என்று அவள் விளக்கினாள். "நிறவெறி நாடுன்னு தடை போட்டு வச்சிருந்த தேசம், நம்ம பாஸ்போர்ட்ல போகலாம்னு ஆனதே இப்பத்தானட்டி" என்றார். அதற்கும் பதில் சொன்னாள். கடைசியில் பஞ்சாங்கத்தை எடுத்தார். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது.

"ரயிலு வடக்கதானப்பா போகுது?"

"ரயிலு வடக்க. ஆப்பிரிக்கா மேக்கலா இருக்கு!"

டிக்கெட்டை மாற்ற முடியாது என்று அவள் கத்திய பிறகு மனிதர் சத்தமில்லாமல் இருந்தார். அந்தச் சத்தமின்மையை அவள் சம்மதம் என்று நினைத்ததுதான் தப்பு.

"பரஸ்தானம் வச்சிருக்கு" என்றபடி இப்போது உள்ளே வந்தார் தாணுமாலையன். "நேத்து வியாழக்கிழமை நல்ல ஓரை. நீ காலேஜுக்குப் போயிருந்த. பெட்டியை மேலத்தெரு சங்கரசுப்பிரமணியன் அண்ணாச்சி வீட்டுல கொண்டு வச்சிட்டேன். ஆள் வராட்டாலும் வக்கீல் ஆஜரானா போதும்லா? அது மாதிரி. பெட்டி போனா நீ போனதாக் கணக்கு."

"துணி மூட்டையை வைக்க வேண்டியதுதான? பாஸ்போர்ட்டையா வைப்பிய?"

அதற்குச் சொர்ணாம்பாள் கரண்டியோடு வந்தாள். "பயணத்துக்கு எது உசுரோ அதைத்தாம்ட்டி வைக்கணும். துணியை வச்சா துணிதான் ஆப்பிரிக்கா போய்ச் சேரும்."

வாதாடிப் பயனில்லை. சித்ரலேகா செருப்பை மாட்டினாள்.

"ராகு காலம் முடியட்டும்!" என்றாள் அம்மா.

"நாந்தான் நேத்தே புறப்பட்டுட்டனே. இப்பப் போறது சும்மா நடைதான? இதுக்கு எதுக்கு ராகு காலம்?"

தாணுமாலையன் ஒரு நிமிஷம் யோசித்தார். "பாயிண்டு இருக்கு. போட்டும் விடு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு அவரும் கூடவே நடந்தார்.

மேலத்தெருவில் சங்கரசுப்பிரமணியன் ஈசிசேரில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வாட்டி வண்டுக்காரி! பெட்டிதானே? ஒரு குறையும் வராது. இங்கன வச்சா என்ன பிரயோசனம்னு தோணிச்சு. ரெண்டு தெரு தள்ளி வைக்கதெல்லாம் ஒரு பரஸ்தானமா வே? ஆத்தைத் தாண்டணும், மேக்கயும் போகணும். அதான் நேத்து சாயங்காலமே என் தம்பி நடராஜ் கையில கொடுத்து அம்பாசமுத்திரத்துக்கு அனுப்பிட்டேன்."

"பெரியப்பா, இன்னைக்கு எனக்கு ரயிலு."

"தெரியுமே. ஏன், நீ அம்பைக்குப் போய் எடுத்துக்கிட்டுப் போகலியா? தாணு, நீரு சொல்லலியா வே?"

"நீரு எங்கிட்டச் சொன்னாத்தானே அண்ணாச்சி!" என்றார் தாணுமாலையன். "நடராஜ் வீட்டுல போன் உண்டா?"

"போனுக்கு எழுதிப் போட்டிருக்கான்."

அப்பா தானும் வருவதாகச் சொன்னார். "நீங்க பெரிய பெட்டியைத் தூக்கிக்கிட்டு நேரா ஜங்ஷனுக்கு வாங்க. வேற யாருக்கும் எதுவும் நல்லது செய்யாம இருங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டு அவள் டவுன் பஸ்ஸுக்கு ஓடினாள்.

அம்பாசமுத்திரம் பஸ் சேரன்மகாதேவியில் ஒரு கல்யாணக் கூட்டத்தை ஏற்றியது. வீரவநல்லூரில் அதே கூட்டத்தை இறக்கி, விட்டுப்போன சீர்வரிசைத் தட்டு ஒன்றுக்காக மறுபடி நின்றது. கல்லிடைக்குறிச்சி தாண்டி ஆற்றுப் பாலம் வந்தபோது, பக்கத்துச் சீட்டுக்காரி தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டாள். சித்ரலேகா கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். சிங்கத்துக்கும் காண்டாமிருகத்துக்கும் எப்படி ஒதுங்கி நிற்க வேண்டும் என்று காப்பகத்திலிருந்து விவரமாக எழுதியிருந்தார்கள். பெரியப்பாக்களுக்கு எப்படி ஒதுங்குவது என்று ஒரு வரி இல்லை.

நடராஜின் உரக்கடையை விசாரித்துக் கண்டுபிடித்தாள். பெட்டி அவர் வீட்டுப் பூஜையறையில் இருந்தது. மேலே ஒரு எலுமிச்சம்பழம், ஒரு முழம் பிச்சிப்பூ. திறந்து பார்த்தாள். பாஸ்போர்ட் இருந்தது, டிக்கெட் இருந்தது. மூச்சு வந்தது.

"காலையில பாபநாசத்துக்குக் கொண்டுபோவோம்னு பாத்தேன், இன்னும் கொஞ்சம் மேக்க போகும்லா" என்றார் நடராஜ் வெள்ளந்தியாக. "லோடு வந்திட்டு, போக முடியல. சாப்ட்டுட்டுப் போ தாயி."

"வேண்டாம் சித்தப்பா" என்றாள். அதற்கு மேல் பேசினால் மரியாதை கெட்டுவிடும் என்று நினைத்துப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். திரும்பும் பஸ்ஸில் இடமில்லை. சேரன்மகாதேவி வரை நின்றபடியே வந்தாள். பிச்சிப்பூ பெட்டியில் ஒட்டிக்கொண்டு அங்கேயே வாடியது.

ஜங்ஷனில் அவள் படியேறி இறங்கும்போது நெல்லை எக்ஸ்பிரஸ் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தது. பெரிய பெட்டியையும் புளியோதரைத் தூக்கையும் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு தாணுமாலையன் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தார். அம்மா வரவில்லை. கண்ணீர் விட்டு வழியனுப்பக் கூடாது என்று தானாகவே வீட்டில் இருந்துவிட்டாளாம்.

"கிடைச்சுதா?"

சித்ரலேகா பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். பிறகு ஒரு மாதத்துக் கோபமும் ஒன்றாக வந்தது. "அப்பா, ஒண்ணு கேக்கேன். நான் போகணும்னு உங்களுக்கு இருக்கா, இல்லியா? இல்லேன்னா நேரா சொல்லிருக்கலாம். சூலம், பரஸ்தானம், அம்பாசமுத்திரம்னு எதுக்கு இப்படி ஆளைக் கொல்லுதிய?"

தாணுமாலையனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "போக வேண்டாம்னா பெட்டியை வீட்டுலயே வச்சிருப்பனே, கூறுகெட்டவளே" என்றார். "போகணும்னுதான கொண்டு வச்சேன்."

கார்டு விசில் ஊதினார். அவள் சாமான்களை உள்ளே தள்ளிவிட்டுத் தாவி ஏறினாள்.

"ஏட்டி! இடது காலை வச்சு ஏறிட்ட!"

"அப்பா, வண்டி கிளம்பப் போகுது!"

"இன்னும் நகரலலா? இறங்கி ஏறு. பைய, பைய!"

வாசலில் நின்றவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு, ஒரு கையில் அந்தத் தோல்பெட்டியை விடாமல் பிடித்தபடி, பிளாட்பாரத்தில் இறங்கி, வலது காலை எடுத்து வைத்து மறுபடி ஏறினாள். வண்டி நகர்ந்தது.