கழுவாத கால்

வீரையன் வெள்ளைத் துணியைப் பல்லால் கடித்து நீளமாகக் கிழித்தார். பெஞ்சில் கிடத்தியிருந்த அண்ணன் பஞ்சநதத்தின் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

“கொஞ்சம் இருங்க சின்ன மாமா. காலெல்லாம் சேறு. கழுவிடுறேன்” என்று வாளித் தண்ணீரோடு வந்தாள் மருமகள் வானதி.

“அவ தொட வேணாம்” என்றான் அவள் கணவன் ராஜ்குமார்.

பெற்ற தகப்பனை வயலிலிருந்து தோளில் தூக்கி வந்தவன், சேற்றுக் காலோடு சுவரில் சாய்ந்து நின்றான். அவனைக் கோபித்துக்கொள்ள வானதிக்கு மனசு வரவில்லை. டாக்டர் வந்து பார்த்து மாரடைப்பு என்றுதான் சொன்னார். ஆனால், வடிகால் மடையைத் திறக்கப் போனவர் விழுந்ததைப் பார்த்த பக்கத்து வயல் செல்லதுரை, “வலது காலு மடங்குனாப்புல இருந்துச்சுப்பா” என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அந்த ஒரு வார்த்தை போதாதா?

ஐப்பசி நடவின்போது வரப்பில் பிசகிய கால் அது. வானதி மன்னார்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். மாமனாருக்கும் அவள்தான் எடுத்தாள். உள்பக்கக் கணுக்காலுக்குக் கீழே மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு துண்டு தனியாகத் தெரிந்தது. முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு என்றார் டாக்டர். வானதிக்கு ஒப்பவில்லை. முறிந்த எலும்பின் ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும். இது வழவழவென்று இருந்தது.

“சார், சிலருக்குப் பொறப்புலயே ஒரு எலும்பு கூட இருக்குமே, அது மாதிரி இருக்கு சார்.”

“இருக்கலாம். இன்னொரு காலையும் எடுத்துப் பாரும்மா. அதுலயும் இருந்தா பொறப்புல வந்ததுதான், கட்டு வேணாம்.”

பஞ்சநதம் அடிபட்ட காலை மட்டும்தான் வாய்க்காலில் அலம்பிக்கொண்டு வந்திருந்தார். இடது காலைச் சட்டென்று வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

“அது முழங்கால் வரைக்கும் சேறும்மா. மாமனார் சேத்துக் கால மருமக கழுவுறதா? நல்லாருக்கே நியாயம்!”

“இது என் வேலை மாமா.”

“ஒன் கண்ணுக்குத் தெரியாததா? நீ சொன்னா சரிதாம்மா.”

அந்த வார்த்தையில் வானதி குளிர்ந்துபோனாள். டாக்டரிடம் போய், “அதுலயும் இருக்கு சார்” என்று சொல்லிவிட்டாள். கூட்ட நெரிசலில் அவர் படத்தைக் கேட்கவில்லை.

மாமனாருக்கு ஒரே பெருமை. “எனக்கு ஒரு எலும்பு ஜாஸ்திய்யா, என் மருமவ கண்டுபிடிச்சா” என்று டீக்கடையில் காலை நீட்டி நீட்டிக் காட்டுவார். மாவுக்கட்டு இல்லாமல் பதினைந்தாம் நாளே வயலில் இறங்கிவிட்டார். இடது காலைக் காட்டச் சொல்ல வேண்டும் என்று வானதி தினமும் நினைப்பாள். பார்த்து, அதில் இல்லையென்றால்? அந்தப் பயத்திலேயே கேட்காமல் விட்டாள். இப்போது அந்தப் பொய்தான் இவரைக் கொன்றுவிட்டதோ என்று நினைத்தபடியே வாளியைக் கால்மாட்டில் வைத்தாள்.

“கட்டிட்டாங்கன்னா அப்புறம் முடியாதுங்க. கழுவிட்டுப் போயிடுறேன்.”

ராஜ்குமார் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வானதி வலது காலைக் கழுவினாள். பிறகு இடது காலில் தண்ணீரை ஊற்றி, விரலிடுக்குச் சேற்றை வழித்துவிட்டு, கணுக்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள்.

அதே இடம். அதே மேடு.

“ஐயோ மாமா! அன்னைக்கே இந்தக் காலைக் காட்டியிருக்கக் கூடாதா?” வாய்விட்டு அழுதாள்.

“என்ன?” என்று கிட்டே வந்தான் ராஜ்குமார்.

“இந்தக் காலை நான் படமே எடுக்கலீங்க. சேறுன்னு மாமா காட்டல. எடுத்தேன்னு பொய் சொல்லிட்டேன்.” அவன் கையைப் பிடித்து இழுத்து, இந்தக் காலிலும் அந்தக் காலிலும் மாற்றி மாற்றி வைத்தாள். “தொட்டுப் பாருங்க. ரெண்டுலயும் இருக்கு. அது முறிவு இல்லீங்க.”

அவன் வெகுநேரம் கையை எடுக்கவில்லை. தலை மட்டும் குனிந்துகொண்டே போனது.

“கட்டலாமாப்பா?” என்றார் வீரையன்.

ராஜ்குமார் தலையாட்டிவிட்டு எழுந்து நின்றான். வாளியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. வானதி அதை அவன் காலில் ஊற்றினாள். அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை. சேறு கரைந்து ஓடியது. உள்பக்கக் கணுக்காலுக்குக் கீழே, மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு மேடு தெரிந்தது.