மிச்சம் வைத்த பேப்பர்

சந்திரலேகா தேர்வறைக்குள் நுழைந்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். அவள் நேராகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அவர்களுக்கு விஷயம் புரிந்தது. "மேம்னு நெனச்சிட்டோம்க்கா" என்றான் ஒருவன். அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். காது மடல் மட்டும் சுட்டது.

இருபத்தேழு வயது. முதுகலையில் புள்ளியியல் ஒன்றுதான் அரியர். ஆறு முறை பணம் கட்டி, ஆறு முறையும் வெற்றுத்தாளை நீட்டிவிட்டு வந்தவள். தெரியாமல் இல்லை, அவளுடைய நோட்ஸைப் படித்தே மூன்று செட் ஜூனியர்கள் பாஸாகிப் போயிருந்தார்கள். அந்தப் பேப்பர் பாக்கி இருக்கும்வரை, திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்குப் பெண் கேட்டு வருகிறவர்களிடம் அப்பா ராமாமிர்தம், "படிச்சிக்கிட்டிருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அவளும் காலை ரயிலில் சிதம்பரம் வந்து, கேண்டீனில் பழைய இடத்தில் உட்கார்ந்து, இருபது வயதுக்காரர்களின் காதல் பஞ்சாயத்துகளைத் தீர்த்துவைப்பாள்.

இன்றோடு வாய்ப்புகள் முடிந்தன. ஞாயிற்றுக்கிழமை நெல்லிக்குப்பத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். முதுகலைப் பட்டம் வாங்கிய பெண்தான் வேண்டுமாம். இன்னும் ஒரே ஒரு வெற்றுத்தாள் கொடுத்தால் போதும், அவர்களும் திரும்பிப் போய்விடுவார்கள். பட்டமும் போய்விடும். போகட்டும் என்றுதான் ரயிலேறியிருந்தாள்.

வினாத்தாள் கொண்டுவந்தவள் ஜெயராணி. ஒரு காலத்தில் இதே பெஞ்சில் பக்கத்தில் இருந்தவள். இப்போது கௌரவ விரிவுரையாளர். தாளை வைத்துவிட்டுக் குனிந்தாள்.

"இதயும் சும்மா குடுத்துட்டுப் போயிட்டா, அடுத்து எதுக்குப் பின்னால ஒளிஞ்சிக்குவ லேகா?"

லேகாவுக்குச் சுருக்கென்றது. ஒளிகிறேனா? இத்தனை வருஷம் அதை எதிர்ப்பு என்றல்லவா நினைத்திருந்தாள். ஆனால் யோசித்துப் பார்த்தால், வேண்டாம் என்று ஒருமுறைகூட அவள் வாய் சொன்னதில்லை. அவளுக்காக ஒரு அரியர் பேப்பர் சொல்லிக்கொண்டிருந்தது. அதையும் அப்பாதான் எடுத்துச் சொன்னார்.

ஜெயராணி மேல் வந்த கோபம் ஆறுவதற்குள் பேனாவைத் திறந்தாள். இரண்டு முறை எழுந்து நின்று கூடுதல் தாள் கேட்டாள். இரண்டு முறையும் ஜெயராணி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கொடுத்தாள்.

வெளியே, பிச்சாவரத்தில் படகு ஓட்டப் போகலாம் என்று ஜூனியர்கள் பைக்கோடு நின்றார்கள். அவர்களை அனுப்பிவிட்டு வேப்பமரத்தடியில் நின்று அப்பாவைக் கூப்பிட்டாள்.

"நல்லா எழுதியிருக்கேன்பா. பாஸாயிடுவேன். ஞாயித்துக்கெழம அவுங்கள வர வேணாம்னு சொல்லிடுங்க."

"அதான் படிப்பு முடிஞ்சிடுச்சேம்மா. இனிமே என்னன்னு சொல்றது?"

"எனக்கு இஷ்டமில்லன்னு சொல்லுங்க. உங்களுக்குச் சங்கடமா இருந்தா நம்பரக் குடுங்க. நானே பேசறேன்."

மறுமுனையில் நாற்காலி நகர்வதும் டைரி புரள்வதும் கேட்டது. அவள் போனை வைக்கவில்லை.

"எழுதிக்க" என்றார் அப்பா, கோபத்தோடு.

ஹால் டிக்கெட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் குறித்துக்கொண்டாள்.