உவர்க் குட்டை

"எருதோட தொண்டைக்குள்ள தள்ள ஒரு துண்டு பன்றிக் கொழுப்பு கூடவா இல்ல உங்க வண்டில?"

"இருந்துச்சு. கோட்டைகிட்ட இறக்கிப் போட்டுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"நெட்டி கால நீட்டிப் படுக்க இடம் வேணும்ல."

கேட்ட ஆன்சல் குனிந்து பார்த்தான். திர்சாவின் எருது வயிறு உப்பிப் புழுதியில் கிடந்தது. காய்ச்சலில் அனத்தும் மகள் நெட்டியின் நெற்றியில் போட அவள் துணி நனைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அது வெள்ளை பூத்த உவர்க் குட்டையில் வாய் வைத்துவிட்டது. மேற்கே குடியேறப் போகும் வண்டிகளின் ஆரிகன் பாதையில் அந்த விஷத்துக்குத் தெரிந்த மருந்து கொழுப்பு ஒன்றுதான். பாரம் குறைக்கவென்று பலரும் வழியிலிருந்த கோட்டை வாசலில் கொட்டிவிட்டு வந்ததும் அதைத்தான்.

ஆன்சல் ஓடிப்போய்த் தன் பங்குக் கொழுப்பை எடுத்து வந்து, கையை முழங்கைவரை மாட்டின் வாய்க்குள் விட்டுத் திணித்தான்.

"பாருடி, மாமியார் வீட்டு மாட்டுக்கு ஊட்டுறாப்ல ஊட்டுறான்" என்றாள் பக்கத்து வண்டிக்காரி.

திர்சா தலை நிமிரவில்லை. அவள் கணவனைப் பாதை நடுவிலேயே புதைத்து, ஓநாய்கள் மோப்பம் பிடிக்காமலிருக்க எல்லா வண்டிகளையும் அந்தக் குழிமேல் ஓட்டியபோது, தொப்பியைக் கழற்றிக்கொண்டு மெல்ல நடந்தவன் ஆன்சல் ஒருவன்தான். அன்றிலிருந்து மாலைதோறும் அவள் அடுப்பருகே ஒரு தொப்பி நிறையக் காய்ந்த சாணம் இருக்கும். யார் வைத்ததென்று அவள் கேட்டதில்லை.

எருது ஒருமுறை காலை உதறியது. பிறகு அசையவில்லை.

வண்டித் தலைவர் பக்லி வந்து பார்த்தார். காய்ச்சல்காரப் பிள்ளையை ஏற்றிக்கொள்ள எந்த வண்டியும் சம்மதிக்கவில்லை என்றார். இந்த வருடத்தின் கடைசி வண்டிக் கூட்டம் இதுதான். பின்னால் வர யாருமில்லை.

வண்டியைக் குறுக்கே அறுத்து இரண்டு சக்கரத்தோடு விட்டால் மிச்சமிருக்கும் ஒற்றை எருதே இழுக்கும், மாலைக்குள் முடித்துவிடலாம் என்று ஆன்சல் மன்றாடினான்.

"இங்க தங்கி, அதுக்குள்ள மலையில பனி விழுந்தா அத்தனை பிள்ளைகளும் சாகும்" என்றார் பக்லி. "நீ என் மந்தைய ஓட்டக் கூலிக்கு வந்தவன். வர்றதுன்னா இப்பவே வா. இல்லன்னா வரவே வேணாம்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் திர்சாவுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

முன்வண்டிகள் கிளம்பின. வண்டியின் கித்தான் கூரைக்குள் நெட்டி தண்ணீர் கேட்டாள். திர்சா வண்டிக்கடியிலிருந்து இருபுறமும் பிடியுள்ள ரம்பத்தை இழுத்து, வண்டியின் கனத்த அடிச்சட்டத்தில் வைத்து அறுத்துப் பார்த்தாள். பல் மரத்தில் சிக்கி நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

புழுதிக்குள்ளிருந்து பக்லி ஆன்சலைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஆன்சல் தன் குதிரையின் கடிவாளத்தைக் கையில் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடியும் சுற்றினான்.

அவள் இதுவரை அவனைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

"ஆன்சல், இந்த ரம்பத்தோட அந்தப் பக்கத்தக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?"