எட்டாவது படி

பரமசிவம் தினேஷின் செல்போனைத் துவைக்கிற கல்லில் ஓங்கி அடித்தார். கண்ணாடி தெறித்து ரூபாவின் காலில் குத்தியது.

"செவ்வாக்கெழம ஆனா இந்த போன்காரிகிட்ட அர மணி நேரம் பேசுனானே, என்னாத்த கிழிச்சா? கடைசில லாரிக்கு முன்னால போயி வுழுந்துட்டான்."

"வுழல பெரிப்பா. ரோட்டத் தாண்டப் போனான்."

"ஆறு மாசமா வாசல தாண்டாதவன் ரோட்டத் தாண்டுனானா? கம்முனு இரு."

ரூபாவின் தம்பி தினேஷ்குமார் தெருவில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தான். நேற்று சாயங்காலம் செத்தவனை இன்று காலைதான் அறுத்துத் தைத்துக் கொடுத்தார்கள். தானாக உயிரை விட்டவனை வீட்டுக்குள் ஏற்றுவது அவர்கள் வகையறாவில் வழக்கமில்லை. குளிப்பாட்டல் இல்லை, வாய்க்கரிசி இல்லை, நேராகச் சுடுகாடு. பெட்டியின் மேல் கவிழ்ந்து கிடந்த அம்மா சாந்தம்மாவை இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். அவள் ஒருவன் கையைக் கடித்தாள்.

அப்பா சென்னப்பன் சுவரோடு சாய்ந்து நின்றார்.

கம்பெனியில் பக்கத்து மெஷின்காரன் கை பிரஸ்ஸில் நசுங்கியதைக் கண்ணால் பார்த்த பிள்ளை தினேஷ். அன்றோடு வேலை நின்றது. லாரிச் சத்தம் கேட்டாலே சட்டை நனைந்துவிடும். சென்னப்பனுக்குத் தெரிந்த வைத்தியம் பெல்ட் ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் கொடுத்த நம்பரில் ஜெயப்ரியா கிடைத்தாள். டாக்டர் இல்லை, போனிலேயே பயிற்சி சொல்லித் தருகிறவள். பயப்படுகிறதை எல்லாம் சின்னதிலிருந்து பெரிசு வரைக்கும் படிப்படியாக எழுதச் சொன்னாள். பத்துக்கு எத்தனை பயம் என்று பக்கத்தில் மார்க்கு. ஒன்று பழகியதும் அடுத்த படி.

அவன் தலையணைக்கு அடியில் இருந்த அந்தத் தாள் இப்போது ரூபாவின் ஜாக்கெட்டுக்குள் இருந்தது. படித்தால் தம்பி வீட்டுக்குள் வந்துவிடுவான். ஆனால் அந்தக் கடைசி வரியை அப்பா முன்னால் எப்படிப் படிப்பது?

"தூக்குங்கடா," என்றார் பரமசிவம்.

ரூபா பெட்டிக்கு முன்னால் போய் நின்று தாளைப் பிரித்தாள். அவர் விட்ட அறையில் உதடு கிழிந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டுப் படித்தாள்.

"ஒண்ணு, வாசல்ல நிக்கணும். பயம் மூணு. முடிஞ்சிதுன்னு டிக் போட்டிருக்கான். நீங்கல்லாம் வேலைக்கிப் போனப்புறம் ஒவ்வொண்ணா செஞ்சிருக்கான் பெரிப்பா. ஏழு, மெயின் ரோட்ட தாண்டி டீ குடிச்சிட்டு வரணும். பயம் எட்டு. வியாழக்கெழம."

"நேத்து. அதான் போய்ச் சேந்துட்டானே."

"எட்டாவது இருக்குது. வெள்ளிக்கெழமன்னு போட்டிருக்கான். சாவப் போறவன் நாளைக்கி வேல எழுதி வெப்பானா?"

"என்னா எழுதிருக்கான்?"

கேட்டது சென்னப்பன்.

ரூபா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "அப்பா எதிர்க்க ஒக்காந்து சோறு திங்கணும். பயம் பத்து."

சாந்தம்மாவைப் பிடித்திருந்த கைகள் விட்டுப்போயின.

சென்னப்பன் உள்ளே போய்க் கடப்பாரையோடு வந்தார். பரமசிவம் பின்னால் நகர்ந்தார். அந்தக் குறுகல் வாசல் நிலைக்குள் ஐஸ் பெட்டி நுழையாது. முதல் அடியில் கதவு பெயர்ந்தது. அடுத்த அடிகளில் நிலை, பிறகு சுவர். நிறுத்தச் சொல்லி யாரும் கிட்டே போகவில்லை.

செங்கல் தூள் பறந்து பெட்டிக் கண்ணாடியில் படிந்தது. சாந்தம்மா முந்தானையால் முகம் தெரிகிற இடத்தை மட்டும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.