எட்டாவது நாற்காலிக்கு ஒரு சீட்டுக்கட்டு

அவனுக்கு மூட்டை என்று பெயர் வைத்தது அவன் சகலை. அவன் வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் சாமான் கட்டுகிறவன், அதனால் வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். காரணம் அது இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் பொம்மைக் கடையின் பின்னறையில் எல்லோரும் அட்டை விளையாட உட்காருவார்கள். மற்றவர்கள் கையில் சீட்டுக்கட்டு அளவாக இருக்கும். இவனுடையது மட்டும் செங்கல் மாதிரி இருக்கும். கலைக்க இரண்டு கை போதாது. பாதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மீதியைக் கலைப்பான்.

"சீட்டு விளையாட வந்தியா, குடும்பத்தோட குடி வந்தியா?" என்பார் சகலை.

விளையாட்டு அப்படியொன்றும் புரியாதது இல்லை. அட்டைகளில் மிருகங்கள், பூதங்கள், மந்திரங்கள் எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றையும் களத்தில் இறக்கச் சக்தி வேண்டும். எலிக்கு ஒன்றோ இரண்டோ போதும், பூதத்துக்கு எட்டு வேண்டும். சக்தி அட்டையை ஒரு முறைக்கு ஒன்றுதான் வைக்கலாம். எதிராளியின் இருபது உயிரையும் பறித்தவன் ஜெயித்தான், அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கடையில் வீட்டிலிருந்து கட்டைத் தயார் பண்ணி எடுத்து வரக் கூடாது. ஆளுக்கு ஆறு பாக்கெட், ஒட்டுப் பிரிக்காமல் கொடுப்பார்கள். அங்கேயே பிரித்து, உள்ளே இருக்கும் எண்பத்து நான்கு அட்டையில் இருபத்து மூன்றைப் பொறுக்கி, கடைக்காரர் கொடுக்கும் சக்தி அட்டை பதினேழையும் சேர்த்து நாற்பதாகக் கட்ட வேண்டும். ஐந்து நிறத்தில் அட்டை வரும். புத்தியுள்ளவன் இரண்டு நிறத்தோடு நிறுத்திக்கொள்வான், இல்லாவிட்டால் கையில் பச்சை அட்டை இருக்கும்போது சிவப்புச் சக்தியாக வந்து நிற்கும். நாற்பதுக்குக் குறையக் கூடாது, கூடினால் குற்றமில்லை. இந்தக் கடைசி வாக்கியம்தான் மூட்டையைக் கெடுத்தது.

மீதியை விட்டுவிட அவனுக்கு மனசு வராது. வண்டி கிளம்பும்போது ஒரு கரண்டி பின்தங்கினாலும் வீட்டுக்காரர்கள் கம்பெனிக்குப் போன் போட்டு உயிரை வாங்குவார்கள். அந்தப் பயம் கையிலேயே ஊறிப்போயிருந்தது. ஆட்கள் வேண்டாமென்று போட்டுவிட்டுப் போகிற சாமானையும் எடுத்து வந்துவிடுவான். அவன் வீட்டில் இஸ்திரி மேஜை மட்டும் மூன்று இருந்தது. அப்படித்தான் ஐந்து நிறத்தையும் ஒரே கட்டில் திணிப்பான், எழுபது அட்டைக்குக் குறைந்ததே இல்லை, வாராவாரம் தோற்பான்.

தோற்பது அவனுக்குப் பழகிவிட்டது. ஆனால் போன வாரம் கடைக்காரர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ஒன்பது பேரு சரிப்படல. எட்டு பேரு ஆடுறாங்க, ஒன்பதாவது ஆளு சும்மா நின்னு எல்லாருக்கும் யோசனை சொல்றாரு. போன வாரம் அடிதடி ஆகத் தெரிஞ்சுது. இனிமே எட்டு நாற்காலிதான்."

ஏழு பேருக்குப் புள்ளிக் கணக்கு பலமாக இருந்தது. கடைசி இடத்தில் ஒரே புள்ளியோடு ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையும் சகலையும். எட்டாவது நாற்காலி யாருக்கு என்று அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் ஆடித் தீர்த்துக்கொள்ள வேண்டியது.

"நாற்காலிக்கு என்ன பஞ்சம், இன்னொண்ணு போட்டா போச்சு" என்று சொல்லிப் பார்த்தான். கடைக்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரம் முழுக்க அவனுக்கு அந்த நாற்காலி நினைப்புத்தான். திங்கள் முதல் சனி வரை ஊரார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறவன் அவன். தோல் வைத்தது, சக்கரம் வைத்தது, ஆடுகிறது, மடிகிறது எல்லாம் அவன் முதுகில் போயிருக்கின்றன. வேலை நடக்கிற வீட்டில் யாரும் உட்காரு என்று சொல்ல மாட்டார்கள், சொல்லவும் முடியாது, நாற்காலிதான் வண்டியில் இருக்கிறதே. பின்னறையில் கால் ஆடுகிற அந்த மர நாற்காலியில் உட்கார்ந்தால்தான் யாராவது அவன் முகத்தைப் பார்த்து, "என்ன மூட்டை, ரெடியா?" என்று கேட்பார்கள்.

ஞாயிறு வந்தது. மினி பஸ் ஓட்டுகிற சகலை, சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். மற்ற ஏழு பேரும் சுற்றி நின்றார்கள். கடைக்காரர் ஆளுக்கு ஆறு பாக்கெட்டை வைத்துவிட்டு, "கட்டு கட்ட ஒரு மணி நேரம். யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார். சொல்லி முடிப்பதற்குள் நாலு பேர் வாயைத் திறந்திருந்தார்கள்.

மூன்றாவது பாக்கெட்டில் அது வந்தது. ஏழுதலை நெருப்பன். அட்டை முழுக்கத் தங்க மினுமினுப்பு. இறக்கினால் எதிராளியின் களமே சாம்பல். எட்டுச் சக்தி வேண்டும். பின்னால் நின்றவர்கள் "யப்பா!" என்று மூச்சை இழுத்தார்கள். சகலை எட்டிப் பார்த்துவிட்டு முகம் கோணினார்.

"ஆண்டவன் பல்லு இல்லாதவனுக்குத்தான் முறுக்கு குடுப்பான்போல" என்று ஒருவர் முனக, கடைக்காரர் முறைத்தார்.

மூட்டை அட்டைகளைப் பரப்பினான். நெருப்பனுக்காகச் சிவப்பு. சிவப்பில் வேறு உருப்படி இல்லாததால் பச்சை. பச்சையில் ஒரு யானை, அதற்குத் துணையாக நீலத்தில் ஒரு மந்திரம். வெள்ளையில் ஒரு மருத்துவச்சி இருக்கிறாளே, அவளை விட்டால் பாவம் இல்லையா? அரைமணி ஆனபோது அவன் முன்னால் அறுபத்தெட்டு அட்டை இருந்தது.

அந்த நேரம் பார்த்து மனைவி போன் பண்ணினாள்.

"ஏங்க, ஆட்டம் ஆரம்பிச்சாச்சா?"

"கட்டிக்கிட்டு இருக்கேன். என்ன சொல்லு."

"அக்கா பக்கத்துலதான் இருக்கா. மாமா தோத்துட்டா ஞாயித்துக்கிழமை பூரா வீட்ல உக்காந்து அது சரியில்ல இது சரியில்லன்னு அவ உசுர எடுப்பாராம். அழாத குறையா சொல்றா. கொஞ்சம் விட்டுக் குடுத்துடுங்களேன்."

"விட்டுக் குடுத்தா ஞாயித்துக்கிழமை பூரா நான் வீட்ல இருப்பேன். உனக்குப் பரவாயில்லையா?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஜெயிச்சுட்டே வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சகலை தன் நாற்பதை எப்போதோ கட்டி முடித்து விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். இவன் அட்டைக் குவியலைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மூட்டை, வண்டி எப்ப வருது? எல்லாத்தையும் ஏத்திடலாம்ல?"

சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். மூட்டைக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வண்டி எப்ப வருது என்ற கேள்வி அவன் மண்டைக்குள் வேறு எங்கேயோ போய் முட்டியது. தினமும் அவனிடம் கேட்கிற கேள்வி அது. அதற்கு அவன் சொல்கிற பதிலும் ஒன்றே ஒன்றுதான்: "வண்டிய நம்பாதீங்கம்மா. மொத நாள் பெட்டியத் தனியாக் கட்டுங்க."

அது அவன் தொழிலில் ஒரு வழக்கம். எத்தனை பெரிய வீடானாலும் ஒரே ஒரு பெட்டி கடைசியாக ஏறி முதலில் இறங்கும். மற்ற சாமான் எல்லாம் வழியில் சிக்கிக்கொண்டாலும் புது வீட்டில் முதல் ராத்திரியை அந்தப் பெட்டியை வைத்தே ஓட்டிவிட வேண்டும். போர்வை, கெட்டில், மாத்திரை, சார்ஜர், ஒரு பல்பு, ஒரு ஸ்க்ரூ டிரைவர். ஆட்கள் அதில் கல்யாண ஆல்பத்தையும் சரவிளக்கையும் வைக்கப் பார்ப்பார்கள். அப்போது மூட்டையிடம் இரக்கமே இருக்காது. "சரவிளக்க மாட்ட ஆளு நாளைக்கித்தான் வருவான். இன்னிக்கி இருட்டுல என்ன பண்ணுவீங்க? பல்ப வைங்க" என்று பிடுங்கி வெளியே போடுவான். ஊருக்கெல்லாம் அப்படிக் கட்டிக் கொடுத்தவன், தனக்கென்று ஒரு நாளும் கட்டியதில்லை.

நெருப்பனைக் கையில் எடுத்துப் பார்த்தான். சரவிளக்கு.

ஓரமாக வைத்தான். பின்னால் யாரோ, "ஐயோ" என்றார்கள். யானையை வைத்தான். நீல மந்திரத்தை, மருத்துவச்சியை, இரண்டு பூதங்களை வைத்தான். கை வேகம் பிடித்தது, சனிக்கிழமை கடைசி வீட்டைக் காலி பண்ணுகிற வேகம். இருட்டில் கை நீட்டினால் அகப்படுகிறது மட்டும் போதும். கறுப்பும் பச்சையும். எலி, தேள், முள்பன்றி, கொசுக்கூட்டம், எல்லாம் ஒன்றும் இரண்டும் மூன்றும் சக்தி கேட்கிற சில்லறைகள். இருபத்து மூன்று. சக்தி அட்டை பதினேழு. நாற்பது.

அடுத்து அவன் செய்ததுதான் வேறு யாரும் செய்யாத காரியம். மிச்சம் அறுபத்தொன்றையும் பாக்கெட் வந்த அட்டைப் பெட்டியில் அடுக்கினான். இடுப்பில் தொங்குகிற பழுப்பு டேப்பை, ஞாயிற்றுக்கிழமையும் கழற்றாத அந்தச் சுருளை, சர்ரென்று இழுத்து நாலு பக்கமும் மூன்று சுற்றுச் சுற்றி ஒட்டினான். கம்பெனி டேப். கப்பல் கவிழ்ந்தாலும் பிரியாது. பேனாவை எடுத்து மேலே 'அப்புறம்' என்று வேறு எழுதினான்.

"யோவ், ஆட்டத்துக்கு நடுவுல மாத்திக்கலாம்யா. அத எதுக்கு ஒட்டுற?" என்றார் கடைக்காரர்.

"பழக்கம்" என்றான் மூட்டை. அவனுக்கே அப்போதுதான் உறைத்தது.

மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டம் சீக்கிரம் முடிந்தது. சகலைக்கு ஒரு குணம், ஸ்டாண்டில் பஸ் நிரம்பாமல் எடுக்கவே மாட்டார். அட்டையிலும் அப்படித்தான். பெரிய பூதங்கள் கையில் சேரட்டும், சக்தி சேரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார். அதற்குள் மூட்டையின் எலியும் தேளும் அவர் உயிரை ஒவ்வொன்றாகக் கொறித்துத் தின்றுவிட்டன.

"இது என்ன விளையாட்டு? மூட்டப்பூச்சி கடிக்கிற மாதிரி!" என்று சகலை குதித்தார்.

இரண்டாவது ஆட்டத்தில் அவருக்குப் பஸ் நிரம்பிவிட்டது. பூதத்தின் மேல் பூதமாக இறங்கி எலிகளை மிதித்துத் தள்ளின. ஒன்றுக்கு ஒன்று.

சகலை மிச்ச அட்டைகளைப் புரட்டி இன்னும் இரண்டு பெரிய பூதங்களைத் தன் கட்டில் சேர்த்துக்கொண்டார். ஏழு தலையும் பெட்டிக்குள்ளிருந்து மூட்டையைக் கூப்பிடுவது மாதிரி இருந்தது. அவன் வைத்திருக்கிற நெருப்பன் ஒருவன் வந்தால் இந்தப் பூதமெல்லாம் சாம்பல். சிவப்புச் சக்தி நாலைச் செருகினால் போதாதா? கூடவே அந்த யானை? மருத்துவச்சி?

நகத்தால் டேப்பின் நுனியைத் தேடினான். நுனி கிடைக்கவில்லை. அவன் ஒட்டினால் நுனி தெரியாது, அதற்குத்தான் கம்பெனியில் பெயர் வாங்கியிருந்தான்.

"கத்தி இருக்கா?"

"அட்டை மேஜையில கத்தி வைக்க மாட்டேன்னு எழுதியே ஒட்டியிருக்கேன்" என்றார் கடைக்காரர்.

பல்லால் கடித்துப் பார்த்தான். பிசின் நாக்கில் ஒட்டியது. பின்னால் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"நேரம் ஆச்சு. அப்படியே ஆடு" என்றார் கடைக்காரர்.

அப்படியே ஆடினான். வேறு வழி?

மூன்றாவது ஆட்டத்தில் சகலையின் கையில் அத்தனையும் பெரியது. இறக்கச் சக்தி இல்லை. எலி கடித்தது, தேள் கொட்டியது. உயிர் பன்னிரண்டானது, எட்டானது. சகலை நெற்றியைத் துடைத்தார். நான்கில் நிற்கும்போது எட்டாவது சக்தி வந்து விழுந்தது. மலைவிழுங்கியை எடுத்து மேஜை அதிரும்படி அடித்து வைத்தார்.

"வா. இப்ப வா பாக்கலாம், உன் எலிய எல்லாம் கூட்டிக்கிட்டு!"

அந்த மலைவிழுங்கியைத் தாண்டி எந்த எலியும் போக முடியாது. மூட்டை தன் கையைப் பார்த்தான். இருந்தது ஒரே அட்டை. இரண்டு முறைக்கு முன்னால் இறக்கிய கொசுக்கூட்டம் ஒரு கடி கடித்துவிட்டுக் களத்தின் ஓரத்தில் கிடந்தது. கையில் இருந்ததும் இன்னொரு கொசுக்கூட்டம், இறக்கிய உடனே பாய்கிற வகை. ஒரு கூட்டம் கடித்தால் இரண்டு உயிர் போகும்.

"அண்ணே, மலைவிழுங்கி பறக்குமா?"

"அவ்வளவு பெருசு எப்படிடா பறக்கும்?"

"கொசு பறக்கும்ணே."

சகலை கொசு அட்டையை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். கடைக்காரரிடம் நீட்டினார். அவரும் படித்தார். "பறக்கிறதத் தரையில நிக்கிறது மறிக்க முடியாது" என்று தலையை ஆட்டினார். இரண்டு கூட்டமும் மலைவிழுங்கியின் தலைக்கு மேலே பறந்துபோய் மிச்ச நாலு உயிரையும் குடித்துவிட்டன.

கைதட்டல் அடங்கியதும் எல்லோரும் வழக்கமான ஆட்டத்துக்கு இடம் பிடித்தார்கள். எட்டு நாற்காலியும் நிரம்பின. சகலை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்கென்ன, நிம்மதியாத் தூங்குவேன்" என்று சுவரிடம் சொன்னார். ஆனால் கிளம்பவில்லை. மூட்டைக்கு அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. போன வாரம் முழுக்கத் தான் எப்படி இருந்தோம் என்று அவனுக்குத் தெரியும்.

அந்த நேரம் வாசலில் டெலிவரி வண்டி வந்து நின்றது. கடைக்குப் புது ஷோகேஸ். ஆள் உயரத்துக்குப் பாதி இருக்கும் பெட்டி.

கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாய்ப் பழக்கத்தில் சொன்னார். "மூட்டை, ஒரு கை குடேன்."

மூட்டையின் முழங்கால் தானாக எழும்பியது. நாற்காலி கிரீச்சிட்டது. மறுபடி உட்கார்ந்தான்.

"முடியாதுண்ணே. நான் உக்காந்திருக்கேன்."

அறையே ஒரு நிமிடம் அவனைப் பார்த்தது. அதற்குள் சகலை, "நான் தூக்குறேன், சும்மாதான நிக்கிறேன்" என்று போய்விட்டார்.

"குனிஞ்சு தூக்காதீங்கண்ணே, முட்டிய மடக்குங்க. ஒடம்போட ஒட்டிப் பிடிங்க" என்று மூட்டை உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தான். சகலை முட்டியை மடக்கினார், திட்டினார், திணறினார், ஒரு வழியாகப் பெட்டியைப் பின்னறைக்குள் கொண்டுவந்து மூட்டையின் மேஜைக்குப் பக்கத்தில் படுக்கவைத்தார். மூச்சு வாங்க அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யோவ், எந்திரி! உள்ள கண்ணாடி!" என்று கடைக்காரர் அலறினார்.

மூட்டை பெட்டியை ஒரு பார்வை பார்த்தான். மூலைக்கு மூலை தக்கை, மேலே மரச்சட்டம், டேப் இழுத்திருக்கிற இழுப்பு. யாரோ தொழில் தெரிந்தவன் கட்டியிருக்கிறான்.

"உக்காரட்டும்ணே, நல்லாத் தாங்கும்" என்றான், கண்ணைத் தன் கை அட்டைகளுக்குத் திருப்பிக்கொண்டே. "சகலை, நீங்க வாய மட்டும் தொறக்காதீங்க."

"எலியப் போடு" என்றார் சகலை.